மூன்றரை வாட்

எங்கள் கல்யாணத்துக்கு யாரும் ஜாதகம் பார்க்கவில்லை.
இதற்கு நான் பார்த்தேன்,
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில், பென்சிலால்.

என் வீட்டுப் பக்கம்:
வால்வு ஆம்ப்ளிஃபயர். என் கைவேலை.
பக்கத்துக்கு ஒற்றை வால்வு, மூன்றரை வாட்.
ஜீரோ வாட் பல்பே பதினைந்து தின்னும்
என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அவர் வீட்டுப் பக்கம்:
ஓசூரில் தனியாளாய் இருந்தபோது
முதல் போனஸில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி.
மூடிய பெட்டி, கனத்த கூம்பு.
ஒரு வாட் ஊட்டினால்
ஒரு மீட்டர் தள்ளி எண்பத்துநான்கு டெசிபல்.
மந்தம் என்றேன்.
நிதானம் என்றார் போஜராஜன்.

கோத்தகிரியில் ஐப்பசி.
தகரக் கூரையில் மழை,
பள்ளத்தில் தேயிலை ஃபாக்டரி,
இரவெல்லாம் பச்சை இலையை வாட்டும் விசிறிகள்,
ஹாலில் ஃப்ரிட்ஜ்.
இத்தனை பேருக்கும் மேலே குரல் எடுக்க
மூன்றரை வாட்.

நாதஸ்வரம் சமாளித்தது.
தவில் வந்ததும்
அடியின் நுனி மழுங்கி
ஈர அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆயிற்று.
வால்யூமை ஏற்றினேன்.
கொண்டை ஊசி வளைவில்
ஆள் நிறைந்த மேட்டுப்பாளையம் பஸ்.

பிரேமின் வீட்டில் ஐம்பது வாட் பெட்டி
சும்மாதான் கிடக்கிறது என்றார்.
அன்றிரவு உப்புமாவில் உப்பில்லை.
வேண்டுமென்று அல்ல.

பென்சில் சொன்னது இது:
மூன்று டெசிபல் ஏற ஏழு வாட்,
இன்னொரு மூன்றுக்குப் பதினான்கு,
அதற்கும் மேலே இருபத்தெட்டு.
கடன்காரன் வட்டி மாதிரி.
ஆனால் தூரத்தைப் பாதியாக்கினால்
ஆறு டெசிபல், இலவசம்.

எட்டு ஓம் என்று முதுகில் எழுதியிருந்த பெட்டி
உள்ளே நாலுக்கு இறங்கிவிடுவதை
மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
(மனிதர்களையும் இப்படி அளக்கலாம் என்றால்
எத்தனை பேச்சு மிச்சம்.)
கோவையில் சுற்றி வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரில்
நாலு ஓம் முனைக்கு வயரை மாற்றினேன்.
சத்தம் ஒரு துளி குறைந்தது,
தவிலுக்குத் தோல் திரும்பியது.

மூலையில் தள்ளிப் பார்த்தோம்:
அடிக்குரல் பெருத்தது, கூடவே உளறியது.
ஒரு முழம் முன்னே இழுத்தோம்.
சோஃபாவைக் கைவிட்டோம்.
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
பெட்டிகளுக்குக் கையெட்டும் தூரத்தில்.
இரண்டு காதுக்கும் சமமான அந்த ஒற்றை இடத்தில்
இரண்டு பேர் உட்கார
முழங்கால் இடித்தது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு மழை நின்றது.
பல்பு மஞ்சளாகி இறங்கியது.
முதலில் ஃபாக்டரி லைன் போனது,
விசிறிகள் ஒவ்வொன்றாய்ச் சுருதி இறங்கி
பள்ளம் காலியானது.
மிச்சம் ஃப்ரிட்ஜ்.
பிறகு எங்கள் லைனும் போனது.

ஃபோனுக்கு பேட்டரி உண்டு.
வால்வுகளில் சூடு உண்டு.
தேவைக்கு மேலே பெரிதாய்
நான் போட்டுவைத்த கெப்பாசிட்டர்களில்
தேங்கிய மின்சாரம் கொஞ்சம் உண்டு.

ஒன்றரை நொடி. கூடிப்போனால் இரண்டு.
அந்த இருட்டில்
வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது,
சீவாளி உதட்டில் ஒட்டுவது,
ஒரு ஸ்வரம் கிளம்பி
எங்கள் இருவரையும் தொட்டு
கிணற்றில் விட்ட காசுபோல் இறங்கிக்கொண்டே போய்
இல்லாமலானது.

ஆரஞ்சு இழைகள் மெதுவாய் அவிந்தன.
நான் வாட் எதையும் எண்ணவில்லை.
எங்கோ தைலமரத்திலிருந்து சொட்டியது.

"ஃப்ரிட்ஜை இங்கிருந்து மாத்தணும்" என்றார்.
"சமையலறையில பிளக் பாயிண்ட் இல்ல" என்றேன்.
"இழுத்துடலாம்.
ஞாயித்துக்கிழமை."